வலி நின்ற பின்

இதய அறுவைச் சிகிச்சைக்காக மார்பின் நடு எலும்பை நெடுக்காகப் பிளந்து திறக்கின்றனர். பணி முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் அதைக் கட்டி மூடுகின்றனர். கம்பி எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே கூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. கூடுவதற்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. வலியோ பலருக்கு அதற்கு முன்பே தணிந்துவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் ஒரு கேள்வி எழுகிறது: வலி இல்லை என்பதையே நாம் அனுமதியாகக் கொள்ளலாமா?

நாள்தோறும் எடை தூக்கிப் பழகிய நண்பர் ஒருவர், அறுவைக்குப் பின் ஐந்தாம் வாரத்தில், தம் மனைவி தண்ணீர் வாளியைச் சுமந்து வருவதைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். "வலியே இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பது குற்றமாகப் படுகிறது" என்றார். அக்கூற்றில் அன்பு இருந்தது; சிறிது ஆணவமும் இருந்தது. பிறருக்காகச் சுமப்பதைவிடப் பிறர் நமக்காகச் சுமக்க இசைவது கடினமன்றோ! அன்று அவர் எழுந்து வாளியை வாங்கி, கூடாத எலும்பு விலகியிருந்தால், மறுபடியும் அறுவைக்கூடம் செல்ல நேர்ந்திருக்கலாம். அந்தச் சுமையும் அதே மனைவியின் தோளில்தான் விழுந்திருக்கும்.

ஆனால், பொறுமை என்பது அசையாதிருத்தல் அன்று. அஞ்சிக் கைகளை ஒடுக்கி வைப்போருக்குத் தோள் இறுகும், தசை மெலியும். ஓர் உரத்த இருமல்கூட, சிறு எடையைத் தூக்குவதைவிட அதிக விசையை மார்பெலும்பின்மீது செலுத்தக்கூடும். எனவேதான் இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்கின்றனர். மேற்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து அன்றாட வேலைகளைச் செய்யலாம் என்று இன்று பல மருத்துவர்கள் கூறுகின்றனர். முதலில் நடை, பின்பு தோள்களை மெல்லச் சுழற்றுதல். மருத்துவர் எலும்பைச் சோதித்து இசைந்த பிறகு, மூச்சை அடக்காமல் சிறு எடைகள். மார்பை விரிக்கும் பயிற்சிகளும் தண்டாலும் கடைசியில்தான். எலும்பில் 'கிளுக்' என்ற ஓசை எழுந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

அச்சமும் அவசரமும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் உடலின் காலத்தை மதிக்க மறுக்கின்றன.

நண்பர் நான்காம் மாதத்தில் 1 கிலோ எடையிலிருந்து தொடங்கினார். இப்போது வாளியை அவரே தூக்குகிறார். மனைவி கை நீட்டினால், மறுக்காமல் கொடுக்கவும் கற்றிருக்கிறார்.