நாவின் பொருட்டு ஒரு பயணம்

உண்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் இன்று பெருந்தொழிலாக வளர்ந்து நிற்கிறது. பிரான்ஸ் நாட்டின் நாட்டுப்புறங்களில் இதற்கெனவே வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. அல்சாஸ் பகுதியில் 1953ஆம் ஆண்டிலேயே திராட்சை மதுச் சாலை என்று பெயரிட்டு ஒரு வழியைத் திறந்தனர். பர்கண்டி, போர்தோ முதலிய இடங்களிலும் பயணிகள் தோட்டந்தோறும் சென்று, நிலவறைகளில் மரப்பீப்பாய்களுக்கிடையே நின்று மதுவைச் சுவை பார்க்கின்றனர். பின்னர் ஊன் கலந்த விருந்துக்கு அமர்கின்றனர். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அயல்நாடுகளில் பணியாற்றுகின்றனர். பெற்றோரையும் இத்தகைய சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். "நாம் ஊன் உண்ணப் போவதில்லை, மதுவைத் தொடப் போவதுமில்லை, உடன் சென்று கண்டு வருவதில் என்ன குற்றம்?" என்று அவர்கள் கேட்கின்றனர். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று இது.

இஃது அயலார் வழக்கம் என்று கூறி நாம் ஒதுங்கவும் இயலாது. தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்குச் சென்று வந்தோரைக் கேளுங்கள். காவிரி பாறைகளைப் பிளந்து வீழும் காட்சியையும் பரிசலையும் சொல்வர். அடுத்து மீனைத்தான் சொல்வர். அங்கேயே பிடித்த மீனை வாங்கிக் கொடுத்தால், கரையில் அடுப்பு மூட்டிய பெண்கள் மசாலா தடவிப் பொரித்துத் தருகின்றனர். அருவியைக் காண வந்தவரினும் மீனுக்காக வந்தவர் மிகுதியோ என்று ஐயுறும் நாள்களும் உண்டு. அப்பெண்களை நாம் இழித்துப் பேசுவதற்கில்லை. அஃது அவர்களுடைய பிழைப்பு. நம் வினா வருகின்றவரைப் பற்றியது.

பழந்தமிழிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. ஆற்றுப்படை நூல்கள் பாணர்க்கும் கூத்தர்க்கும் வழி காட்டுபவை. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் அவை விரித்துரைக்கும். அண்டை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளில் அத்தகைய மலைவழியைக் கூறுகிறது. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் வேட்டையில் பெற்ற ஊனும் அவ்வழியில் விருந்தாகின்றன. நம் ஆசிரியர்கள் விலக்கிய மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றும் ஒரே வழியில்! ஆயினும் அக்கூத்தர் சுற்றம் பசித்த வயிற்றோடு நடந்தது. வயிறு நிறைந்த பின்னர் நாவுக்காக நடப்பவன் வேறு.

தகடூர் என்னும் இத்தருமபுரியையே எடுத்துக்கொள்வோம். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாரோடு கள்ளையும் ஊனையும் பகிர்ந்துண்டதைப் புறநானூறு கூறுகிறது. அவன் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள், நாம் ஆண்டுதோறும் வழிபடச் செல்லும் திருமலையில், முன்னோனான எழினி அமைத்த இயக்கன், இயக்கி படிமங்களைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டு உரைக்கிறது. ஒரே குலத்தின் வரலாற்றில் கள்விருந்தும் உண்டு, ஜினாலயத் திருப்பணியும் உண்டு. அதியமானின் ஈகையை நாம் போற்றத் தயங்குவதில்லை. ஈந்த பொருளில் ஒரு பகுதியை ஏற்பதில்லை. பிரெஞ்சு உழவர் ஒருவர் அன்போடு நீட்டும் கிண்ணத்தையும் இவ்வாறே காணல் வேண்டும்.

இனி வினாவுக்கு வருவோம். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திக்விரதம் முதலாவது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குகின்றார். அதன் வழியில் அமைந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் பயிலப்படுவதே. கடல், ஆறு, காடு, மலை முதலியவற்றை எல்லையாக வைத்து, அதற்கப்பால் செல்லேன் என்று ஒருவன் உறுதி கொள்கிறான். எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு அவனால் யாதொரு தீங்கும் நேராது. அவ்வளவில் அவனுடைய அணுவிரதம் மகாவிரதத்தை ஒத்ததாகிறது என்பது ஆசிரியர் கருத்து. இதனைத் துறவியரை நோக்கியதென்று கருதல் வேண்டா. தகடூரில் கி.பி. 893இல், நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், ஜினாலயம் எடுப்பித்த நிதியண்ணனும் சண்டியண்ணனும் வணிகன் மைந்தர்கள். பொருள் தேடி ஊர்தோறும் செல்லும் வணிகர்க்குத்தான் எல்லை வகுப்பது கடினம். அவர்க்குத்தான் அது வேண்டுவதும்.

மேலைநாட்டு உணவு வழிகாட்டி நூல் ஒன்றின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. மிஷெலின் என்னும் நிறுவனம் 1900இல் அதனை வெளியிட்டது. அந்நிறுவனம் செய்தது சமையலன்று, வண்டிச் சக்கரங்களுக்கான டயர். மக்கள் மிகுதியாகப் பயணம் செய்தால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும். பின்னர் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கினர். இரண்டு நட்சத்திரமெனில் வழியை விட்டு விலகிச் செல்லத்தக்கது. மூன்றெனில் அதற்கென்றே தனிப்பயணம் மேற்கொள்ளத்தக்கது. திக்விரதத்துக்கு நேர்மாறான ஒரு விரதம் இருக்குமாயின் அஃது இதுவே. பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சமந்தபத்திரர் அனர்த்த தண்டத்தின் ஒரு வகையான பிரமாதசரியையில் சேர்த்திருப்பதை இதனோடு வைத்து நோக்குக.

"நாங்கள் குடிப்பதில்லையே" என்பர். மதுவைச் சோதிக்கும் வல்லுநரும் விழுங்குவதில்லை. மயக்கம் வாராதிருக்க வாயில் கொண்டு சுவைத்தபின் உமிழ்ந்துவிடுகின்றனர். வயிற்றுள் செல்லாமையால் குற்றமில்லை எனின், அவர்களனைவரும் கள்ளுண்ணாமை காத்தவராவர்! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்று நாம் கற்றிருக்கிறோம். வாத்தின் தொண்டையில் குழாயைச் செருகிச் சுமார் இரண்டு வாரம் சோளத்தைத் திணித்து, அதன் ஈரலைப் பெருக்கச் செய்து உண்கின்றனர். ஃபுவா க்ரா என்பர் அதனை. 2006இல் பிரெஞ்சுச் சட்டம் அதனைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தென்று அறிவித்தது. சுற்றுலாக் கட்டணத்தில் அவ்விருந்துக்கும் சேர்த்தே நாம் பணம் செலுத்துகிறோம். அருகில் அமர்ந்து காய்கறியை உண்டாலும் பணம் சென்ற இடம் அதுவே. திராட்சைச் சாறு தானே என்று நினைப்பாரும் உளர். அதனைத் தெளிவிக்க முட்டை வெண்கருவும் மீனின் காற்றுப்பையும் பயன்படுவதுண்டு என்பதை அவர்கள் அறிதல் நன்று.

அங்ஙனமாயின் தருமபுரிக் கடைத்தெருவில் இறைச்சிக் கடையைக் கடந்து நடப்பதும் உடன்பாடாகாதோ என்று கேட்கலாம். ஆகாது. கடந்து செல்பவன் காய்கறி வாங்கச் செல்கிறான். அக்கடை இல்லாவிடினும் அவன் சென்றிருப்பான். சுவைச் சுற்றுலாவில் அக்கடையே போகும் இடம். ஒரு பயணத்தை ஆராயும்போது, அங்கே அச்சுவை இல்லையெனினும் செல்வோமா என்று கேட்டுப் பார்த்தல் போதும். ஒகேனக்கல்லுக்கு நாம் தாராளமாகச் செல்லலாம். மீன் இல்லாவிடினும் காவிரி அங்கே இருக்கும். பிரான்ஸில் வேலை செய்யும் மகனைக் காணச் செல்வதும், வழியில் திராட்சைத் தோட்டத்தின் அழகைக் காண்பதும் அவ்வாறே. சுவை பார்ப்பதற்கென்றே வகுத்த வழியில் கட்டணம் செலுத்திச் சேர்வதைத்தான் நாம் ஏற்க இயலவில்லை.

இதனால் சுவையே பகை என்று கொள்ளற்க. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை தருமபுரியோடிருந்தது. அப்பக்கத்து மாந்தோப்புகளின் செந்தூராவையும் பெங்களூராவையும் உண்ணாத நம்மவர் யார்? போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் அளவிடச் சொல்கிறது, வெறுக்கச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதற்கும் விடுவது யமம். ஒரு காலத்துக்கு விடுவது நியமம். நம் வீட்டு முதியோர் ஒரு பருவம் முழுவதும் ஒரு பண்டத்தை விட்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். பழம் கூடை நிறைய வந்து இறங்கும் மாதத்தில் மாம்பழத்தை விடுபவருக்கே அதன் மணம் எத்தகையதென்று நன்கு தெரியும்.

அயல்நாடு செல்வோர் புறப்படுமுன்னரே நியமத்தை வகுத்துக்கொள்ளுதல் நன்று. அங்குச் சென்றபின் எழுத்தளவில் எல்லாம் எளிதாகிவிடும். ஜூன் மாதத்தில் அந்நாட்டில் கதிரவன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேலாகும். எட்டு மணி விருந்தும் இரவுண்ணாமைக்கு உட்பட்டதே என்று மனம் வாதிடும்! மற்றொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. கிண்ணத்தை மறுக்க நாணி, "மருத்துவர் விலக்கியுள்ளார்" என்று நம் இளைஞர் சிலர் கூறுகின்றனர். ஒரு விரதத்தைக் காக்க மற்றொரு விரதமாகிய வாய்மையை விடுவது என்ன கணக்கு? நோன்பு என்று நேரே சொல்லலாம். பிரான்ஸில் 1935ஆம் ஆண்டு முதல் சட்டத்தால் பெயர் காக்கப்படும் மதுவுக்கு விளைநிலத்தின் எல்லை வரையறுக்கப்பட்டுள்ளது. அந்த எல்லைக்குப் புறத்தே விளைந்த திராட்சைக்கு அப்பெயர் கிடையாது. விளைச்சலுக்கும் உச்ச அளவு உண்டு. எல்லையும் அளவும் வகுத்து வாழ்வது எங்கள் குல வழக்கம் என்று கூறினால், அத்தோட்டத்து உழவர் அதனை நம் அண்டை வீட்டாரினும் விரைவாகப் புரிந்துகொள்ளக்கூடும்.