அட்வான்ஸ்: கடனா, அடைக்கலமா?

வீட்டை வாடகைக்கு எடுப்பவர் குடிபுகுமுன் உரிமையாளரிடம் கொடுத்துவைக்கும் முன்பணம், பேச்சுவழக்கில் அட்வான்ஸ் எனப்படுவது, அவர் குடியிருக்கும் காலம் முழுவதும் யாருடைய பணம் என்னும் வினா, கணக்கு வழக்கைச் சார்ந்ததாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறத்தைச் சார்ந்தது. டைடல் பூங்காவும் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவும் வெளியூர் இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்த தரமணியில், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய சென்னை வழக்கம், முதல் வேலைக்கு வந்தவரின் சேமிப்பை மட்டுமன்றி, பல வேளைகளில் அவருடைய பெற்றோர் அடகுவைத்த நகையையும் விழுங்கிவிடுகிறது. காலி செய்யும் நாளில் அவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் "அடுத்த குடித்தனம் வரட்டும், தருகிறேன்" என்னும் பதில்.

பிறர் பொருள் ஒருவர் கைக்கு வரும் வழிகளுள் இரண்டை இந்திய அறநூல் மரபு கவனமாகப் பிரித்தது. மனுநூல் அடுக்கும் பதினெட்டு வழக்கு வகைகளில் கடன் முதலாவது. நிக்ஷேபம், அதாவது நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள், இரண்டாவது. கடன் வாங்கியவர் பணத்தைச் செலவிடலாம். ஆனால் என்ன இழப்பு நேர்ந்தாலும் குறித்த நாளில் திருப்பியாக வேண்டும். அடைக்கலம் ஏற்றவரோ பொருளைத் தொடக் கூடாது. ஆயினும் வெள்ளத்திலோ தீயிலோ பகைவர் படையெடுப்பிலோ அது அழிந்தால் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். அடைக்கலப் பொருளைத் தம் வசதிக்குப் பயன்படுத்தியவர் ஈடு செய்வதோடு தண்டமும் கட்ட வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாத்திரம். முன்பணச் சிக்கலின் வேர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. வாங்கிய தொகையை மாடி கட்டவோ மகள் திருமணத்துக்கோ செலவிடும்போது உரிமையாளர் கடனாளியின் உரிமையை எடுத்துக்கொள்கிறார். திருப்பித் தரவேண்டிய நாளிலோ, பணம் தம் கையில் இல்லை என்று, அடைக்கலம் ஏற்றவருக்கு மட்டுமே உரிய விலக்கைக் கோருகிறார். ஓய்வுபெற்றபின் வாடகையையே நம்பி வாழும் முதியவரின் நெருக்கடி மெய்யானதே. ஆனால் அந்நெருக்கடியின் சுமையை ஏற்கவேண்டியவர் குடியிருந்தவர் அல்லர்.

ஏனைய சமயங்களும் ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தருவதை இறைவனுக்கு முன்னான கடமையாகவே கண்டன. இசுலாம் அமானிதத்தை, அதாவது அடைக்கலப் பொருளை, உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடுகிறது. விவிலியத்தின் லேவியராகமம், ஒப்படைத்த பொருளை மறுத்தவர் முழு முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவரிடம் கொடுத்துவிட்டுக் குற்றநிவாரண பலியைச் செலுத்த வேண்டும் என்கிறது. மனிதருக்குச் சேரவேண்டியது சேராமல் வழிபாடு நிறைவுறாது என்பதே இதன் உட்கிடை.

இந்த அறத்தைச் சட்டம் தன் மொழியில் ஏற்றிருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றும், வாடகைதாரர் தரவேண்டிய பாக்கி கழிந்த மீதியை, வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்றும் அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. அடுத்த குடித்தனம் வருவதை அது நிபந்தனையாக்கவில்லை. 'வேறு உடன்பாடு' என்ற சொற்களோ பத்து மாத வழக்கத்துக்கு வாசல் திறந்துவிட்டிருப்பது வருந்தத்தக்கது; வீடு தேடி அலைபவரின் ஒப்புதல் எவ்வளவு தூரம் ஒப்புதலாகும்?

உரிமையைச் சட்ட உதவியோடு கேட்பது பகை வளர்ப்பதாகும் என்று தயங்குவோர் பலர். ஆனால் சமநீதியும் இலவசச் சட்ட உதவியும் அரசின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 39அ உறுப்பு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி அவ்வுதவியைப் பெறலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் கேட்கலாம். இரு தரப்பும் இசைந்து மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளும் வழக்குக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், உறவு முறியாமல் தீரவும் வாய்ப்புண்டு.

சாட்சியின்றி ஒப்படைத்த பொருளை ஒருவர் மறுத்தால், ஒற்றர் வழியாக அவரிடம் பொன்னை ஒப்படைத்து, கேட்கும்போது திருப்பித் தருகிறாரா என்று சோதிக்கும்படி மனுநூல் நீதிபதிக்குச் சொல்கிறது. இன்று அந்த ஒற்றரின் இடத்தில் இருப்பவை, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்த எழுத்து ஒப்பந்தமும், முன்பணம் கைமாறியதைக் காட்டும் வங்கிக் கணக்கின் ஒரு வரியும், சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளில் வாங்கிய கையெழுத்துமே.