சிவப்பு என்பதாலா சமம்?

நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாதம் ஒன்று உண்டு: "எல்லாருடைய குருதியும் சிவப்பே, ஆகவே மாந்தர் யாவரும் சமம்." அதே நாவால் நாம் சொல்லும் இன்னொரு வாக்கும் உண்டு: "என்ன இருந்தாலும் இரத்த சொந்தம் போல வருமா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்." முதல் வாக்கில் குருதி மனிதரை ஒன்றுசேர்க்கிறது, இரண்டாவதில் நம்மவர், பிறர் என்று பிரிக்கிறது. இவ்விரு பெரும் பொறுப்புகளையும் சுமக்கும் வலிமை குருதிக்கு உண்டா? சற்றே சிந்திப்போம்.

மனிதரின் குருதி ஒரே தன்மையது அன்று என்பது அறிவியல் சொல்லும் முதற்செய்தி. 1901இல் வியன்னா நகரில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்னும் மருத்துவ அறிஞர், ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றொருவருடைய குருதியிலிருந்து பிரித்த தெளிநீரோடு கலந்து பார்த்தார். சில சேர்க்கைகளில் அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டன. சிலவற்றில் அவ்வாறு நிகழவில்லை. இதைக் கொண்டு குருதியை அவர் மூன்று வகைகளாகப் பிரித்தார். நான்காம் வகை மறு ஆண்டில் அறியப்பட்டது. ஏ, பி, ஏபி, ஓ என்று இன்று நாம் அறிந்திருப்பவை இவையே. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருந்தாத வகையை ஏற்றினால் ஏற்றிய சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீரகம் பழுதுபடும், உயிரும் போகலாம். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பி ஏற்றும் குருதி ஆளைக் கொன்றுவிடக் கூடும்.

இந்த வேற்றுமைக் கோடு குடும்பத்தைச் சுற்றி வேலி போல ஓடவில்லை. குடும்பத்தின் நடுவேயும் ஓடுகிறது. குருதி வகையைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒன்றைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். ஏ அல்லது பி மரபணுவுடன் சேரும்போது ஓ மரபணு வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். ஏ வகைத் தாயும் பி வகைத் தந்தையும் ஆளுக்கொரு ஓ மரபணுவை மறைவாகச் சுமந்தால், அவர்களுக்கு ஓ வகைக் குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்குக் குருதி தேவைப்பட்டால் பெற்ற தாயின் குருதியும் உதவாது. தந்தையின் குருதியும் உதவாது. முன்பின் அறியாத ஓ வகையினர் ஒருவர் வந்து உதவ வேண்டும்.

இதைவிட ஆழ்ந்து எண்ணத்தக்கது ஆர்எச் வகையின் கதை. ஆர்எச் நெகட்டிவ் தாய் ஒருத்தி பாசிட்டிவ் குழந்தையைச் சுமக்கிறாள் என்போம். பேற்றின்போது குழந்தையின் அணுக்கள் அவளுடைய குருதியில் கலந்தால், அவள் உடல் அவற்றை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். அடுத்துக் கருவுறும் பாசிட்டிவ் குழந்தையை அந்த எதிர்ப்பொருள் கருவிலேயே தாக்கும். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1960களின் இறுதியில் வழக்கத்துக்கு வந்தது. அம்மருந்துக்கு மூலப்பொருள் அயலார் தரும் பிளாஸ்மாவே. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தம் 14ஆம் வயதில் மார்பு அறுவைச் சிகிச்சையின்போது பிறர் குருதியால் பிழைத்தவர். 1954 முதல் 2018 வரை, தம் 81ஆம் வயது வரை, 1,100 தடவைக்கு மேல் அவர் கொடை அளித்தார். அதனால் பயன்பெற்ற குழந்தைகள் இருபது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டனர். 2025இல் அவர் மறைந்தார். தாய்க்கும் சேய்க்கும் இடையே குருதி மூட்டிய பகையை அயலார் ஒருவரின் கொடை தணித்தது!

நெருங்கிய உறவினரின் குருதியே பாதுகாப்பானது என்னும் நம்பிக்கையும் முற்றும் சரியன்று. அக்குருதியிலுள்ள வெள்ளணுக்களைப் பெறுபவரின் உடல் தன்னுடையவை என்றே எண்ணி விட்டுவைக்கக் கூடும். அவை உள்ளே தங்கிப் பெருகி, இடங்கொடுத்த உடலையே தாக்குவதும் உண்டு. அரிதாகவே நேரும் இத்தீங்கு நேர்ந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். அதனால்தான் நெருங்கிய உறவினரின் குருதியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்ற வேண்டும் என மருத்துவ நெறி வகுத்துள்ளது.

அப்படியானால் உறவுக்குப் பொருளே இல்லையா? அவ்வாறு சொல்வதும் பிழை. 1952இல் டாக்டர் பெண்டேயும் அவர் குழுவினரும் கண்டறிந்த 'பம்பாய் வகை'யினருக்கு ஓ வகைக் குருதியும் ஒவ்வாது. தம் வகையினரிடமிருந்து மட்டுமே அவர்கள் பெற முடியும். இவ்வகை மிக அரிது. அது உடன்பிறந்தவரிடம் அமைந்திருக்கும் வாய்ப்போ மிகுதி. ஆகவே குருதி சில வேளை உறவைத் தாங்குகிறது. சில வேளை கைவிடுகிறது. அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. நம் பாசமும் பகையும் அக்கணக்கில் சேர்வதில்லை.

உண்மையை எடுத்துரைத்தால் மட்டும் மனிதர் திருந்திவிடுவாரா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பின மக்களின் குருதியை ஏற்க மறுத்தது; 1942இல் ஏற்கத் தொடங்கியபோதும் அதைத் தனியே பிரித்து வைத்தது. குருதியைப் பெருமளவில் சேமிக்கும் முறைகளை வகுத்த முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் சார்லஸ் ட்ரூ கறுப்பினத்தவர்! இப்பிரிவினைக்கு உயிரியல் காரணம் இல்லை என்பதைப் படைத்துறை மருத்துவத் தலைமையே அறிந்திருந்தது. மக்கள் மனம் அதை விரும்புகிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். 1950இல்தான் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அங்கே குறைந்தது அறிவு அன்று, நீதியே.

நம்மிடம் மட்டும் நிலைமை வேறா? உயிர் ஊசலாடும் வேளையில், தொங்கும் குருதிப் பையைத் தந்தவர் எந்தச் சாதி என்று கேட்பவர் அரிது. பிழைத்து எழுந்தபின், அதே சாதியினர் வீட்டில் பெண்ணெடுக்கும் பேச்சு வந்தால், "நம் இரத்தம் கலந்துவிடும்" என்று குரல் எழுகிறது. கலந்த குருதியால்தான் தாம் உயிரோடு இருந்து இதைப் பேசுகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே, சமத்துவத்தைக் குருதியின் நிறத்தில் நிறுவ முயல்வது வீண். நாளை அறிவியல் நம்மிடையே இன்னும் நூறு வேற்றுமைகளைக் காட்டினால் அந்த வாதம் நொறுங்கிவிடும் அன்றோ? ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேற்றுமை உயிரையே பறிக்கவல்லது. ஆயினும் ஏ வகையினர் மேலோர், பி வகையினர் கீழோர் என்று எவரும் சொல்வதில்லை. வேற்றுமையை இயற்கை தருகிறது. மேல் கீழ் என்னும் அளவுகோலை நாம்தான் கொண்டுவருகிறோம். நாம் கொண்டுவந்ததை நாமே கீழே வைத்துவிடவும் முடியும்.

தன் குருதி பொருந்தாது என்று அறிந்தும் பிள்ளையின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், தாயாகவே இருக்கிறாள். யாருக்குச் சேரும் என்று அறியாமலே கை நீட்டிக் குருதி தந்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பும் அயலாரும் அவ்விரவில் அக்கட்டிலருகே இருக்கிறார். நம்மவர் யார் என்னும் கேள்விக்கு விடை தேடும்போது இவ்விருவரையும் சேர்த்தே எண்ணுவோம்.