ரசிகரின் கோபத்துக்கு ஓர் எல்லை

மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் ரசிகர்கள் தங்கள் குழுவைத் திட்டத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆல்பம் 1983இல் வந்தது. அடுத்த ஆண்டே, இரண்டாவது ஆல்பத்தில் ‘ஃபேட் டு பிளாக்’ என்ற பாட்டு மெல்லிய கிடார் மீட்டலோடு தொடங்கியதும், “விலைபோய்விட்டார்கள்” என்ற குரல் எழுந்துவிட்டது. வீடியோ எடுக்காத குழு என்று பெயர் வாங்கியவர்கள் 1989இல் ‘ஒன்’ பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். மறுபடி அதே குரல். 1991இல் கறுப்பு அட்டையோடு வந்த ஆல்பத்தில் வேகம் குறைந்தது, பாட்டுகளின் நீளம் சுருங்கியது. அமெரிக்காவில் மட்டும் அது 1.6 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்களில் பலர் அன்றோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் சாத்திக்கொள்ளவில்லை. ஆனால் கோபப்பட்டிருக்கிறேன், இன்றும் படுகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை: நாம் நேசிக்கும் ஒருவர் மீது கோபப்பட நமக்கு எவ்வளவு உரிமை உண்டு? நீண்ட காலம் நேசித்த எழுத்தாளர், கட்சி, நண்பர் என்று எவர் விஷயத்திலும் வரக்கூடிய கேள்விதான் இது. எனக்கு அது இந்த நான்கு பேரின் வழியாக வந்தது.

1996இல் ‘லோட்’ ஆல்பம் வந்தபோது எழுந்த கோபத்தில் பெரும் பங்கு இசையைப் பற்றியதே அல்ல. நால்வரும் முடியை வெட்டிக்கொண்டார்கள், சிலர் கண்ணுக்கு மை தீட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களில் தனக்கே முழுச் சம்மதம் இல்லை என்று பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். முதல் ஆல்பத்தில் கத்திப் பாடியபோது அவருக்கு வயது 19. ‘லோட்’ வந்தபோது 32. இந்த இடைவெளியில் ஒருவர் மாறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். நாம் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, தலை நரைத்துப் போகலாம். நம் 16 வயதில் கேட்ட குரல் மட்டும் அதே இடத்தில் நின்று நமக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். அந்தக் கோபத்தில் நாம் திரும்பக் கேட்பது நம் 16 வயதை. அதைத் தர எந்தக் கிடாராலும் முடியாது.

வேலையில் நேர்ந்த குறை வேறு. அங்கே ரசிகருக்குப் பேசும் உரிமை உண்டு, பேசும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன்.

1986 செப்டம்பர் 27 அதிகாலை, சுவீடனில் சுற்றுப்பயணப் பேருந்து கவிழ்ந்து, பேஸ் கிடார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். 24 வயது. அடுத்த மாதமே ஜேசன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். புதியவரைக் கேலியும் சீண்டலுமாகப் படுத்தியெடுத்தார்கள். இதை அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துக்கத்தைக் கொட்ட வேறு இடம் கிடைக்கவில்லை போலும். 1988இல் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ வந்தது. என்னைப் பொறுத்தவரை அவர்கள் எழுதியவற்றிலேயே மிகச் சிக்கலான, மிக உயரமான ஆல்பம் அது. அதில் பேஸ் கேட்பதில்லை. எவ்வளவு நல்ல ஹெட்ஃபோனில் போட்டாலும், கிடாரின் அடியில் எங்கோ ஓர் அதிர்வு இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பிளாக்கண்ட்’ நியூஸ்டெட்டும் சேர்ந்து எழுதியது. தான் எழுதிய பாட்டிலேயே தன் விரல் கேட்காத நிலை அவருக்கு.

காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஓயாத சுற்றுப்பயணத்தில் தங்கள் காதுகளே மரத்துப்போயிருந்தன என்றார் ஹெட்ஃபீல்டு. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச்தான் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பேட்டியில் சொன்னார். எது உண்மையாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: ஒரு மனிதரின் உழைப்பு அந்த ஆல்பத்தில் புதைந்துவிட்டது. ரசிகர்கள் இதற்காக 35 ஆண்டுகளுக்கு மேலாகக் கோபப்படுகிறார்கள். வீடியோ கேமுக்காகத் தனித்தனியாகப் பிரித்துத் தரப்பட்ட தடங்களில் பேஸ் எவ்வளவு துல்லியமாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார்கள். தாங்களே பேஸைக் கூட்டி மிக்ஸ் செய்து, ஜேசனுக்கு நீதி என்று ஆல்பத்தின் பெயரையே மாற்றிப் பரப்பினார்கள். ரசிகரின் கோபம் இதைவிட உயர்ந்த வடிவம் எடுத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் தங்களுக்காக எதையும் கேட்கவில்லை. கேட்காமல் போன ஒருவரின் வாசிப்புக்காகக் கேட்டார்கள்.

2008இல் ‘டெத் மேக்னெடிக்’ வந்தபோதும் இதே கூர்மை இருந்தது. எல்லா ஒலியையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றி அமுக்கியிருந்தார்கள். டிரம்ஸ் ஓங்கி விழும் இடங்களில் ஒலி பிசிறியது. அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ விளையாட்டில் அமுக்கப்படாமல், மூச்சுவிட இடத்தோடு வெளிவந்திருந்தன. ரசிகர்கள் இரண்டின் ஒலி அலைகளையும் கணினியில் அருகருகே வைத்துக் காட்டினார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

2003இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ எனக்கு இன்றும் குழப்பம் தருகிறது. ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு உல்ரிச் வாசித்ததால், 75 நிமிடம் தகர டின்னைத் தட்டுவது போன்ற சத்தம். கிடார் சோலோ ஒன்றுகூட இல்லை. கிடார் வாசிக்கும் கர்க் ஹேமட்டுக்கு அதில் உடன்பாடில்லை என்பதை, அந்த ஆல்பம் உருவான கதையைச் சொல்லும் ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ ஆவணப்படத்திலேயே பார்க்கலாம். அந்தப் படத்தில் நியூஸ்டெட் குழுவைவிட்டு விலகிவிட்டார். ஹெட்ஃபீல்டு குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போகிறார். மாதம் 40,000 டாலர் சம்பளத்துக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்து உட்கார்ந்திருக்கிறார். உடைந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள் நாம் நுழைந்துவிட்டதைப் போலிருக்கும். படத்தைப் பார்த்த பிறகு அந்த மனிதர்கள் மீதிருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. ஆல்பம் மீதான மனத்தாங்கல் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

பாட்டுகளை இணையத்தில் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது குழு தொடுத்த வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 2000ஆம் ஆண்டு, தங்கள் பாட்டுகளை இணையத்தில் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலோடு நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே போனார் உல்ரிச். தன் படைப்பு தன் அனுமதியோடு போக வேண்டும் என்று அவர் சொன்னது சரி. ஆனால் 1982இல் இவர்களின் டெமோ கேசட்டைக் கைக்குக் கை பதிவுசெய்து பரப்பி, இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் ரசிகர்கள்தான். அந்த ரசிகர்களின் பெயர்களைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து போனது அவர்களைப் புண்படுத்தியது. புண்பட்டதும் சரிதான்.

2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடக்கவிருந்த குழுவின் நிகழ்ச்சி ரத்தானது. கூடியிருந்தவர்களில் சிலர் மேடையை உடைத்தார்கள். 30ஆம் தேதி பெங்களூர் பேலஸ் மைதானத்தில் குழு வாசித்தது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போய்க் கேட்டவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். மறுநாளே பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்த ‘லூலூ’ ஆல்பம் வெளிவந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பெரும்பகுதி ஒட்டவில்லை. ஆனால் தன்னைச் சுடுவதாக மெட்டாலிகா ரசிகர்கள் மிரட்டுகிறார்கள் என்று 69 வயது ரீட் பேட்டியில் சொல்ல நேர்ந்தது. பாட்டு பிடிக்காததற்காக ஒரு முதியவரைக் கொல்வேன் என்பவரை ரசிகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபத்துக்கு எல்லை எங்கே என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒலியைப் பற்றிப் பேசு, வாசிப்பைப் பற்றிப் பேசு, டிக்கெட் விலையைப் பற்றிக்கூடப் பேசு. வாசிப்பவரின் உயிரும் முதுமையும் நம் பேச்சுக்கு அப்பாற்பட்டவை.

2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்து ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டுக்கு வந்த சிறுவர்களைப் பழைய ரசிகர்கள் சிலர் ஏளனம் செய்தபோது, எல்லோருக்கும் இங்கே இடமுண்டு என்று குழுவே சொன்னது. சரியாகச் சொன்னார்கள்.

அவர்கள் சரிசெய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. 2018இல் ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்து வெளியிட்டபோதும் பேஸைக் கூட்டவில்லை. அது அந்தக் காலத்தின் பதிவு, அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பழைய மிக்ஸ் அப்படியே இருக்கட்டும், யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில், ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் முழுதாகக் கேட்கும் இன்னொரு மிக்ஸையும் உங்கள் பெயரிலேயே வெளியிடுங்கள்.