விழுந்தவரை முருகன் எப்படித் தாங்குறான்?



திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து குதிச்ச அருணகிரிநாதரை முருகன் கையில ஏந்தின கதை நமக்கெல்லாம் தெரியும். ரொம்ப நாள் எனக்கு அந்தக் கதை மேல கோபம். காரணம், எங்க மாமா.

ஆண்டிமடம் பக்கம்தான் எங்க ஊர். நான் எட்டாவது படிக்கும்போது, புளி உலுக்க மரம் ஏறின மாமா கீழ விழுந்துட்டார். தண்டுவடத்துல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லை. "அருணகிரியைத் தாங்கின நீ, வருஷா வருஷம் உனக்குக் காவடி எடுத்த என் மாமாவை ஏன் தாங்கலை?"ன்னு தைப்பூசத்தன்னிக்கு அழுதுக்கிட்டே கேட்டேன். பதில் வரலை.

பல வருஷம் கழிச்சு, தென்காசி பக்கம் ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமியை தரிசிக்கப் போனேன். அங்கதான் அமர் சேவா சங்கம் பத்தித் தெரிஞ்சுது. அதைத் தொடங்கின எஸ். ராமகிருஷ்ணன், என்னை மாதிரியே இன்ஜினியரிங் படிச்சவர். 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுக்கு பெங்களூரு போனவர், உடல்திறன் சோதனையில விழுந்து, கழுத்துக்குக் கீழ அசைவில்லாம ஆனார். 1981-ல சொந்த ஊரான ஆய்க்குடியிலேயே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக சங்கத்தை ஆரம்பிச்சார். தனக்கு சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பேரையே அதுக்கு வெச்சார். 2020-ல அவருக்கு பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அவர் எழுந்து நடக்கலை. ஆனா அவரால எத்தனையோ பிள்ளைங்க படிச்சு, சொந்தக் கால்ல நிக்கிறாங்க.

அப்பதான் உறைச்சுது. விழும்போது தாங்குறது ஒரு அருள். விழுந்தப்புறம் வருஷக்கணக்கா தாங்குறது இன்னொரு அருள். அதை முருகன் மனுஷங்க கையாலதான் செய்யறான்.

எங்க வீட்லயே அது நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமா அழுந்திக் கிடந்தா படுக்கைப்புண் வரும். முத்திப் போனா உயிருக்கே ஆபத்து. அதனால ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அத்தை எழுந்து மாமாவைப் புரட்டிப் படுக்க வெச்சாங்க. இன்னைக்கு மாமா வீட்டு வாசல்ல பெட்டிக்கடை நடத்துறார். "நடக்க வைன்னு கேக்குறதை எப்பவோ விட்டுட்டேன் மாப்ள. கடை திறக்கத் தெம்பு குடுன்னுதான் கேக்குறேன்"னு சிரிப்பார். "எந்த ஜென்மத்துப் பாவமோ"ன்னு யாராவது சொன்னா மட்டும் அவர் முகம் வாடிடும். தயவுசெஞ்சு யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க.

எங்க தெரு முருகன் கோயில் வாசல்ல மூணு படி. அதனால வருஷக்கணக்கா மாமா ரோட்டுல இருந்துதான் கும்பிட்டார். போன வருஷம் பசங்க எல்லாம் சேர்ந்து சாய்தளம் கட்டினோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்னு நான்தான் அளந்து சொன்னேன். தைப்பூசத்தன்னிக்கு மாமா தன் கையாலயே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு சந்நிதிக்கு வந்தார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. அன்னைக்கு நான் முருகனை எந்தக் கேள்வியும் கேக்கலை.

வர்ற கிருத்திகைக்கு உங்க ஊர் கோயில் வாசலைப் பாருங்க. சக்கர நாற்காலி உள்ள போகுமா? போகாதுன்னா, அங்க உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚