காட்டிக் கொடுத்தவனின் சாட்சியம்

1929ஆம் ஆண்டில், லாகூர்ச் சதி வழக்கிலே ஜெய்கோபால் சாட்சி சொல்ல வந்து நின்றபோது, எதிரிக் கூண்டிலிருந்த பிரேம்தத் என்னும் இளைஞர் அவர்மீது செருப்பை வீசினார். முந்திய ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி பொலிஸ் அதிகாரி சோண்டர்ஸ் சுடப்பட்ட செயலில் ஜெய்கோபாலும் பங்காளி. ஸ்கொட் என்ற மேலதிகாரியை அடையாளங் காட்டுவதே அவர் பொறுப்பு. ஆள்மாறிச் சைகை காட்டியவரும் அவரே. பின்னர் மன்னிப்புப் பெற்று அரசதரப்புச் சாட்சியானார். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் 1931 மார்ச் 23இல் தூக்கிலிடப்பட்டனர்.

அங்கிருந்திருப்பின் நாமும் செருப்பைக் கழற்றியிருப்போம். ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. பகத்சிங்கும் ராஜகுருவும் சுட்டனர் என்பது மெய்யே. ஜெய்கோபாலை நாம் வெறுப்பது பொய்யுரைத்தமைக்காக அன்று. தோழரைக் காட்டிக் கொடுத்தமைக்காக. துரோகம் வேறு, பொய் வேறு. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க கொல்லப்பட்ட வழக்கிலும் சந்தேகநபர் ஒருவருக்கு நிபந்தனையுடன் மன்னிப்பளித்தே அரசு அவரைச் சாட்சியாக்கியது. அவ்வழக்கைப் படிக்கையில் நாம் முகஞ் சுளிப்பதில்லை. அப்படியாயின் நம் வெறுப்பு நீதியின்பாற்பட்டதா, சார்பின்பாற்பட்டதா?

சட்டமும் இவ்விடத்தில் இரு நாக்குடையது. நமது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, உடந்தையாளியின் வாக்கு ஒன்றையே கொண்டு தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்கிறது. 114ஆம் பிரிவோ, வேறு சான்று துணைநில்லாவிடின் அவன் நம்பத்தகாதவன் எனக் கொள்ளலாம் என்கிறது. இந்தியாவிலும் இவ்விரு வாசகங்களே நெடுங்காலம் நிலவின. அங்கு 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், துணைச்சான்று பெற்ற வாக்கு என்றே முதற்கூற்றைத் திருத்தியிருக்கிறது.

உடந்தையாளி பொய் சொல்லும் விதம் தனியானது. முழுக்கதையையும் அவன் புனைய வேண்டியதில்லை. சம்பவம் நடந்த இடம், நேரம், ஆயுதம், தப்பியோடிய வழி யாவும் அவனுக்குத் தெரியும். அவனும் அங்கே இருந்தவனல்லவா? அவன் மாற்ற வேண்டியது ஒரேயொரு பெயரை. தம்பியின் பெயரை எடுத்துவிட்டு, வேண்டாதவன் பெயரை வைத்துவிடலாம். மற்றவை அனைத்தும் சரியாக இருத்தலே அந்தப் பொய்க்கு அரணாகிறது. 1916இல் பாஸ்கர்வில் வழக்கிலே ஆங்கில நீதிமன்றம் கண்டதும் இதுவே: குற்றம் நடந்தது என்பதற்குத் துணைச்சான்று போதாது, இந்த எதிரியே அதில் ஈடுபட்டான் என்பதைக் காட்டும் சான்று வேண்டும். கத்தி கிணற்றில் கிடைத்தது என்பது, கிணற்றை அறிந்தவன் பேசுகிறான் என்பதற்கு மட்டுமே சான்று.

நம்மை அதிகம் உறுத்துவது இன்னொன்று. மன்னிப்பு ஒரு விலை. விலை கொடுப்பவன் சரக்கைப் பார்த்தே கொடுப்பான். திட்டந் தீட்டியவன், பணம் பங்கிட்டவன், பெயர்களை அறிந்தவன் ஆகியோரிடமே விற்பதற்குச் சரக்குண்டு. கூலிக்கு ஆசைப்பட்டு ஒழுங்கைமுனையிற் காவல் நின்றவனுக்கு என்ன தெரியும்? தன்னை அழைத்து வந்தவன் முகம் தெரியும். அந்த முகமோ இப்போது சாட்சிக் கூண்டிலே நின்று அவனை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது.