கூலிக்குப் பார்க்கும் கண்

ஹலாலான உழைப்புக்குக் கூலி பெறுவது கண்ணியம். ஆனால் கூலி வாங்கியதனால் செயலின் பாவம் கூலி கொடுத்தவரை மட்டும் சேர்ந்துவிடுமா?

1984 முதல் இலங்கையில் கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்தது. அதன் விமானிகள் ராணுவ ஹெலிகாப்டர்களையும் ஓட்டினர். லண்டன் போலீசார் விசாரணை தொடங்கியதோ 2020-இல்தான்.

ஆப்கானிஸ்தான் போரில் ஆளில்லா விமானம் அனுப்பிய படங்களை அமெரிக்காவில் அமர்ந்து பார்த்துச் சொன்னவர்களிலும் தனியார் நிறுவன ஊழியர்கள் இருந்தனர். ‘பார்த்துச் சொன்னது மட்டுமே நான்; சுட்டவர் வேறு’ என்று இப்படிப்பட்டவர் நழுவலாம். ஆனால் செவி, பார்வை, உள்ளம் மூன்றுமே விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது திருக்குர்ஆன் (17:36). அந்த மன்றத்தில் ஒப்பந்தப் பத்திரம் செல்லாது.

வெளிநாட்டு உத்தியோகத்துக்குப் புறப்படும் பிள்ளையிடம் சம்பளத்தை விசாரிக்கும் பெற்றோரே, என்ன வேலை, யாருக்காக என்பதையும் விசாரியுங்கள்.